மயிலுக்கு நாற்பத்தெட்டுக் கண்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது நடக்கிறது. எல்லாம் வரிசைப்படிதான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சீடர் அர்த்தநாரி, திருப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தொன்பது வருடம் டிராயிங் வாத்தியாராக இருந்தவர். கரும்பலகையில் கையை ஒரே சுழற்று சுழற்றி வட்டம் போடுவார். காம்பஸ் வைத்துப் பார்த்தாலும் கடுகளவு பிசகாது. வட்டத்தை முழுசாக மூடாத பிள்ளைகளுக்கு அவர் போடுவது ஒரே மதிப்பெண்தான், பூஜ்யம்.

குரு தாரணி. துணியில் பிரிண்ட் போட்டு, லேசரில் பூவேலை வெட்டி, கைப்பையும் பெல்ட்டுமாகத் தைத்துக் கொடுக்கும் பட்டறை அவருடையது. ஓய்வு பெற்ற மறு வாரமே அர்த்தநாரி அங்கே போய், "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று நின்றார். தாரணிக்குக் கூச்சம் தாங்கவில்லை. பத்து நாளில் பழகிவிட்டது.

அர்த்தநாரிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. காலமெல்லாம் அவர் வரைந்தது பலகையில். மணி அடித்ததும் டஸ்டர் வந்து துடைத்துவிடும். தான் வரைந்தது ஒன்றாவது முன்பின் தெரியாத ஒருவர் தோளில் தொங்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு அன்றைக்கு ஒரு வழி பிறந்திருந்தது. சென்னையில் பெரிய கடை வைத்திருக்கும் மெஹ்ருன்னிசா அம்மா மூன்று மணிக்கு வருகிறார். பட்டறையில் இருக்கும் பைகளைப் பார்த்து, தன் கடையில் விற்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

அர்த்தநாரி நான்கு மாதம் உழைத்து ஒரு மயில்தோகை வரைந்து வைத்திருந்தார். அடியில் பச்சையும் நீலமும் பொன்னிறமுமாகப் பிரிண்ட் போட்ட துணி. அதன் மேல் கருநீலத்தில் இன்னொரு துணி. மேல்துணியில் அவர் கோடு போட்ட இடத்தையெல்லாம் லேசர் வெட்டி எடுத்துவிடும். அந்தச் சந்து வழியாக அடித்துணியின் நிறம் எட்டிப் பார்க்கும். தோகையில் நாற்பத்தெட்டுக் கண்கள். ஒன்றை வரைந்து கம்ப்யூட்டரில் நகல் எடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. வாத்தியார் கணக்கில் அது காப்பியடிப்பது. நாற்பத்தெட்டையும் கையாலேயே வரைந்தார்.

காலையில் லேசர் ஓடி முடிந்ததும் ஆசையாகத் துணியைத் தூக்கினார். பொலபொலவென்று என்னவோ உதிர்ந்தது.

எல்லாம் மயிலின் கண்மணிகள். நடுப்பொட்டைச் சுற்றி அவர் போட்டிருந்த வளையத்தை லேசர் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டது. பொட்டுக்குப் பிடிமானம் வேண்டாமா? தோகை முழுக்க ஓட்டையாக நின்றது.

அர்த்தநாரி அக்கம்பக்கம் பார்த்தார். டீச்சர் பார்ப்பதற்குள் பசை டப்பாவைத் தேடி எடுத்து, மேல்துணியை அடித்துணி மேல் விரித்து, உதிர்ந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். தாரணி பின்னால் வந்து நின்றதே அவருக்குத் தெரியவில்லை.

"நிக்குமுங்களா சார்?"

"நெம்ப நல்ல பசைங்க டீச்சர். ஆனை கட்டி இழுத்தாலும் வராது."

"அப்பச் சரிங்க. பையாத் தைக்கச் சொல்லித் தோள்ல மாட்டிக்குங்க. டவுன் பஸ்ல பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்துருங்க."

"எதுக்குங்க?"

"பைன்னா பஸ்ல போகாதுங்களா?"

பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முதல் நிறுத்தம் தாண்டுவதற்குள் ஒரு அம்மா அவர் கையைத் தட்டி, "ஏனுங்க, உங்க கண்ணு ஒண்ணு கீழ விழுந்துருச்சுங்க" என்றார். அடுத்த திருப்பத்தில் நாலு விழுந்தது. அதற்கடுத்த வேகத்தடையில் கணக்கே இல்லை. கண்டக்டர் குனிந்து குனிந்து பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"சார்! நானுங்க, செங்கோடன்! ஏழாங்கிளாஸ்ல வட்டத்துக்குப் பூஜ்யம் போட்டீங்களே!"

"அடடே, செங்கோடா! இப்ப வரையறியா?"

"எங்கீங்க சார். அன்னைக்கு வெச்ச பென்சில்தான், அப்புறம் தொடவே இல்லீங்க. டிக்கெட் கிழிக்கறதோட சரி." செங்கோடன் கண்களை அவர் கையில் கொட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. அர்த்தநாரியும் சிரித்தார். ஆனால் இறங்கும் வரைக்கும் செங்கோடன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டறைக்குத் திரும்பி, சட்டைப் பையிலிருந்த கண்களை மேஜைமேல் கொட்டினார். தாரணி எண்ணிப் பார்த்தார்.

"நாப்பத்தேழுதான் இருக்குதுங்க."

"ஒண்ணு விழலீங்க டீச்சர்." அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டே பையைக் காட்டினார்.

"அதுக்கு மட்டும் வேற பசைங்களா?"

"அதுக்குப் பசையே போடலீங்க. வெட்டறப்பவே அது விழலை. வரையும்போது ஒரு தும்மல் வந்துச்சுங்க, வளையம் ஒரு எள்ளளவு மூடாமப் போச்சு, லேசர் அங்க வெட்டலை. முன்னாலயே பாத்திருந்தாச் சரி பண்ணியிருப்பேன். என்ற தப்புத்தானுங்க."

"அந்தத் தப்பை இன்னும் நாப்பத்தேழு தடவை பண்ணுங்க சார்."

அர்த்தநாரி உட்கார்ந்தார். கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? ஆறாவது வளையத்தில் கை தானாகவே போய் மூடிவிட்டது. அழித்தார். பதினோராவதிலும் அப்படியே. இருபதைத் தாண்டியபிறகுதான் கை வழிக்கு வந்தது. சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே இருந்தது.

இரண்டு மணிக்கு லேசர் நின்றது. அர்த்தநாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியைத் தூக்கினார். வளையத்துண்டுகள் மட்டும் விழுந்தன. உதறினார். பாயைத் தட்டுவதுபோல் நாலு தட்டுத் தட்டினார். நாற்பத்தெட்டுக் கண்ணும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் அவருக்குத் தும்மலே வந்துவிட்டது. மூன்று மணிக்குள் அது அடித்துணியோடு சேர்ந்து பையாகிவிட்டது.

மெஹ்ருன்னிசா அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மயில் பையிடம் நின்றார். தோளில் மாட்டினார். நடந்தார், திரும்பினார், நரைத்த தலையோடு ஒரு குதி வேறு குதித்தார். அர்த்தநாரிக்கு உண்மை வாயில் தங்கவில்லை.

"ஒரு குறை இருக்குதுங்கம்மா. அதுல ஒரு வளையங்கூட முழுசா மூடலீங்க."

தாரணி தலையில் கை வைத்துக்கொண்டார். மெஹ்ருன்னிசா அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து தேடினார். "எங்கே சார்?"

அர்த்தநாரி விரலை வைத்துக் காட்டினார்.

"இதுவா? ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு பக்கம் பாக்குதே, எப்படின்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இதாலதானா!" என்றவர் தாரணியிடம் திரும்பினார். "கடைக்கு இதையே போடும்மா. இந்தப் பையை நான் கழட்டப் போறதில்லை, இப்படியே மாட்டிக்கிட்டுப் போறேன்."

மயில் அவர் தோளில் ஏறி, காரில் ஏறி, தெருமுனை திரும்பி மறையும் வரைக்கும் அர்த்தநாரி வாசலிலேயே நின்றார்.

பிறகு குருவும் சீடரும் டீ குடித்தார்கள். சீடர் பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க சார்."

அர்த்தநாரி பஸ்ஸில் பார்த்த செங்கோடனைப் பற்றிச் சொன்னார். "எள்ளளவு மூடாததுக்குப் பூஜ்யம் போட்டேனுங்க. அதோட பென்சிலையே விட்டுட்டானாமா. வட்டம்னா மூடோணும்னு சொல்லிக் குடுத்தது தப்புங்களா?"

"அது தப்பில்லீங்க. வட்டம்னா மூடத்தான் வேணும்."

"அப்புறம் எங்கீங்க தப்பு?"

தாரணி டீயை ஒரு மிடறு குடித்தார்.

"அந்தப் பூஜ்யத்தை எப்படிப் போட்டீங்க சார்?"

"எப்படின்னா... சிவப்பு மையிலதானுங்க. நல்லாப் பெருசா."

"முழுசா மூடியா?"

அர்த்தநாரி டம்ளரைக் கீழே வைத்தார். மூலையில் கிடந்த காலைப் பையை, ஒற்றைக் கண்ணோடு இருந்ததை, எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். போகிற வழியில் பெட்டிக்கடையில் ஒரு பென்சில் வாங்கினார்.