ஏரிக்கரை மாளிகைக்குத் தரகர் தேடிய கதை

கோடைநல்லூர் மன்னர் இரணசூரருக்குத் திடீரென்று ஒரு யோசனை. பூட்டியே கிடக்கும் ஏரிக்கரை மாளிகையை விற்றுவிட்டால் என்ன?

செய்தி பரவியதும் தரகர்கள் இருவர் ஓடி வந்தார்கள். தாண்டவன் என்பவன் தடாலென்று காலில் விழுந்தான்.

"மகாராஜா, அது மாளிகையா? பூலோக சொர்க்கம்! மூன்று மடங்கு விலைக்கு விற்றுத் தருகிறேன்."

பவளக்கொடி என்ற பெண்மணியோ, "நீங்கள் சொல்லும் விலைக்கு விற்றுத் தருகிறேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றாள்.

மன்னர் சாவியைத் தாண்டவனிடம் நீட்டப் போனார். அவைப்புலவர் அம்பலத்தாடி குறுக்கே பாய்ந்தார்.

"பொறுங்கள் அரசே! விற்பவர் காதில் தரகர் பாடுவது தாலாட்டு. வாங்குபவர் காதில் என்ன பாடுகிறார் என்று கேட்க வேண்டாமா?"

மறுநாள் மன்னர் மிளகு வியாபாரி ஆனார். ஒட்டுத்தாடி, பூசணிக்காய் அளவுக்குத் தலைப்பாகை! அம்பலத்தாடி அவருக்குக் கணக்குப்பிள்ளை.

முதலில் தாண்டவன் மாளிகையைக் காட்டினான்.

"ஐயா, ராஜாவுக்கு மண்டையில் ஒன்றும் கிடையாது. அடித்துப் பேசினால் பாதி விலைக்கே தள்ளிவிடுவார். எனக்குத் தரகு சீக்கிரம் கைக்கு வந்தால் சரி!"

மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டு புலவர் காதில் கிசுகிசுத்தார். "அம்பலத்தாடி, இவன் தலையை வாங்கிவிடட்டுமா?"

"உஷ்! மிளகு வியாபாரி வீடு வாங்கலாம். தலை வாங்கக் கூடாது."

தாண்டவன் போனதும் பவளக்கொடி வந்தாள்.

"குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. தெற்குப் பக்கம் ஒழுகும். மாடத்தில் வௌவால்கள் குடித்தனம் நடத்துகின்றன."

"அப்படியானால் விலையைக் குறை!"

"ஒழுகலைச் சரிசெய்யும் செலவை வேண்டுமானால் அரசரிடம் கேட்டுப் பார்க்கிறேன். மற்றபடி அவர் சொன்ன விலை சொன்னதுதான். இங்கே வந்து நின்று பாருங்கள்."

சாளரத்தைத் திறந்தாள். குபுகுபுவென்று ஏரிக்காற்று. கண்ணுக்கெட்டிய தூரம் தாமரை. நாரைக் கூட்டம் ஒன்று சிறகு விரித்து இறங்கியது.

மன்னர் சொக்கிப் போனார். "எனக்கு! எனக்கே வேண்டும்! வாங்கிவிட்டேன்!"

துள்ளிய துள்ளலில் ஒட்டுத்தாடி பிய்த்துக்கொண்டு ஏரியில் விழுந்தது. அரசரை அடையாளம் கண்ட பவளக்கொடி சட்டென்று குனிந்து வணங்கினாள்.

மன்னர் நெளிந்தார். "என் மாளிகையை நானே வாங்கிவிட்டேனே! இது என்னய்யா வியாபாரம்?"

"அருமையான வியாபாரம், அரசே! நல்ல தரகர் யார் என்று தெரிந்துவிட்டது. விலையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் தரகு மட்டும்..."

"கொடுத்துவிட்டால் போகிறது!"

"விற்றவர் ஒரு பங்கு, வாங்கியவர் ஒரு பங்கு தர வேண்டும். ஊர் வழக்கம். ஒரே ஆள்தானே என்று இருவரும் நழுவிவிடக் கூடாது!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பவளக்கொடிக்கு இரண்டு பங்கும் கிடைத்தன, அம்பலத்தாடிக்குப் பட்டாடை கிடைத்தது. மாளிகையை மட்டும் மன்னர் யாருக்கும் விற்கவே இல்லை.