துடுப்பனுக்குக் கிடைத்த கிளை

குளத்தங்கரையில் ஒரு நீர்மருத மரம். அதில் துடுப்பன் என்ற இளம் கரிச்சான் குருவி, அம்மாவின் கிளையில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்துவந்தான். வாலில் இரண்டு நீளக் கம்பி. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் துடுப்பு போல ஓர் இறகு. அதனால்தான் அந்தப் பெயர்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. காகம் போலக் கரைவான், தவளை போலக் கத்துவான். ஒருநாள் மரநாய் மாதிரி உறுமி, பழம் தின்றுகொண்டிருந்த கிளிகளை எல்லாம் பறக்கவிட்டு, கீழே விழுந்ததை அவனே தின்று தீர்த்தான். பிறகு வயிறு வலித்தது. அதையும் கிளிக்குரலிலேயே முனகினான்.

மத்தியானத்தில்தான் மரத்துக்கு நிம்மதி. அப்போது அவன் ஈரச் சேற்றில் வாலை இழுத்து இழுத்துக் கதை எழுதிக்கொண்டிருப்பான். இரட்டைக் கம்பி என்பதால் ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டாக விழும். எழுதி முடிக்கும் நேரம் பார்த்துக் கருப்பாயி என்ற எருமை வந்து, சரியாக அதன் மேல் புரளுவாள்.

"அக்கா, என் கதை!"

"நான் புரண்ட பிறகும் எது உனக்கு ஞாபகம் இருக்கோ, அதை மட்டும் நாளைக்கு எழுது. மீதியெல்லாம் சேறுதான்டா" என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

மறுநாள் எழுதும்போது கதை கொஞ்சம் சின்னதாகும். கொஞ்சம் நன்றாகவும் ஆகும். இதை மட்டும் துடுப்பன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த மரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் மழை விழுந்ததும் இளம் பறவைகள் கீழே நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது வேறு யாரிடமும் இல்லாத பாட்டாக இருக்க வேண்டும். பாடினால் ஆயுள் முழுக்கச் சொந்தக் கிளை. இல்லையென்றால் எதிர்க்கரைப் புதருக்குப் போக வேண்டியதுதான். அங்கே மரநாய் குடும்பத்தோடு இருந்தது. அது உறுமினால் அசல் உறுமல்.

தீர்ப்புச் சொல்பவர் குக்குறுவார். சாதாரணக் குக்குறுவான் பறவைதான். ஆனால் 'ஆர்' போட்டுக் கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். பிறந்ததிலிருந்து "குட்ரூ, குட்ரூ" என்ற ஒன்றையே பாடிவருபவர். அதில் ஒரு பிழை காண முடியாது.

மழை விழுந்தது. துடுப்பன் முறை வந்தது. இன்றைக்கு மட்டும் வாலில் சேறு ஒட்டக் கூடாது என்று கருப்பாயியின் முதுகில் ஏறி நின்று ஆரம்பித்தான்.

முதலில் காகத்தின் குரல். புழுவோடு கூட்டுக்குத் திரும்புகிறது ஒரு தாய்க் காகம். அடுத்து, பக்கத்துப் பொந்திலிருந்து ஒரு "குட்ரூ". கூட்டில் இருப்பது காகத்தின் பிள்ளை இல்லை, சொல்லலாமா வேண்டாமா என்று அது தவிக்கிறது. கீழே ஒரு தவளை, விஷயம் தெரிந்து களுக்கென்று சிரிக்கிறது. கூட்டிலிருக்கும் குஞ்சு புழுவுக்காக வாயைத் திறக்கிறது. "கூ" என்று வந்துவிடுகிறது.

"நிறுத்துடா" என்றாள் மரத்திலிருந்த காகத்தம்மா. "அந்தக் கரையல் என்னுது."

அவ்வளவுதான். கூவல் எங்கள் வீட்டுச் சொத்து என்றாள் செங்கண்ணிக் குயில். சிரிப்பு தன்னுடையது என்று தண்ணீரிலிருந்து கை தூக்கினான் பானையன் தவளை. "குட்ரூ"வைத் தீர்ப்புக்காரரே பிடுங்கிக்கொண்டார்.

"அவரவர் குரலை அவரவர் எடுத்தாயிற்று. மீதி இருப்பதைப் பாடு" என்றார்.

துடுப்பன் அலகைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நமக்கென்று ஒன்றுமே இல்லையோ என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எதிர்க்கரையில் புதர் அசைந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறக்கையை விரித்தான்.

"இருப்பா" என்றான் பானையன். "குஞ்சு கூன்னு சொல்லிடுச்சே, காக்கா என்ன பண்ணுச்சு?"

விரித்த இறக்கை பாதியில் நின்றது. துடுப்பனின் கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"காக்கா பேசணும்னா காக்கா குரல் வேணுமே மாமா. அதைத்தான் வாங்கிட்டாங்களே."

எல்லோரும் காகத்தம்மாவைப் பார்த்தார்கள். அவள் இங்கும் அங்கும் கழுத்தைச் சாய்த்தாள். அந்த இடத்தில் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. வைத்துக்கொள் என்று குரலைத் திருப்பிக் கொடுத்தாள். செங்கண்ணியும் கூவலைக் கொடுத்தாள். பானையன் சிரிப்பைக் கொடுத்து, கூடவே ஒரு கொட்டாவியும் வேண்டுமா என்று கேட்டான்.

துடுப்பன் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை பொந்தில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. குக்குறுவாருக்குப் பொறுக்கவில்லை.

"அது என் பொந்து."

"உங்க குரல் உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும் ஐயா."

அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு குட்ரூ எடுத்துக்கொள். வேண்டுமானால் இரண்டு."

மரங்கொத்தியைத் துரத்திவிட்டுக் கதை மறுபடி "கூ" வரை வந்தது. வந்து நின்றது.

"அப்புறம்?" என்றது மரம் முழுக்க.

"கடைசி வரியை நின்னுக்கிட்டுச் சொல்ல முடியாது ஐயா. கிளையில உட்கார்ந்து சொல்ற வரி அது."

கருப்பாயி குலுங்கிச் சிரித்ததில் துடுப்பன் விழப் பார்த்தான். குக்குறுவார் யோசித்தார். தம் பாட்டு முடிந்ததும் இதுவரை ஒருவரும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

"இப்படிக் கேட்க வைக்கும் பாட்டு வேறு யாரிடமும் இல்லை. தெற்குக் கிளை உனக்கு" என்றார்.

துடுப்பன் போய் உட்கார்ந்தான். வாலைச் சரிசெய்துகொண்டு, காகத்தின் குரலில், கரையாமல் மெதுவாகச் சொன்னான்.

"தொண்டை கட்டியிருக்கு போல, கண்ணு. இன்னொரு புழு சாப்பிடு."

பானையனுக்குச் சிரிப்பு வரவில்லை. செங்கண்ணி இலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காகத்தம்மா வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு முதல் மழைக்கும் துடுப்பன் புதுக் கதை பாடினான். கிளை வாங்கித் தந்த பாட்டை மாற்றக் கூடாது என்று குக்குறுவார் ஆட்சேபிப்பார். தம் "குட்ரூ" எங்கே வருகிறது என்று காதையும் தீட்டிக்கொள்வார். வயதாகி ஒரு துடுப்பு உதிர்ந்தபோது துடுப்பன் ஒற்றை வரியில் எழுதினான். கருப்பாயியின் பேத்தி வந்து அதன் மேல் புரண்டாள்.

குரல்களை ஊரெல்லாம் இரவல் வாங்கலாம். அவற்றை வைத்து நாம் சொல்லும் கதைதான் நம் சொந்தப் பாட்டு.