சேற்றில் வளர்ந்த தடம்

ஒரு கண்மாய் இருந்தது. அதில் தண்ணீரும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்த ஒரு மார்கழியில் நடந்தது இது.

ஒரு விடியற்காலையில் கண்மாயின் உட்கரைச் சேற்றில் ஒரு தடம் பிறந்தது. இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன நகக் குறிகள். நடுவில் எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல ஒரு கோடு. தண்ணீரில் தொடங்கிக் கரையேறி, ஒரு கோரைப்புல் பத்தையைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் தண்ணீரில் போய் முடிந்தது.

பிறந்ததும் தடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நான் யாருடைய தடம்?"

கண்மாய் அவசரமாகப் பேசாது. ஓர் அலை கரைக்கு வந்து திரும்பிய பிறகுதான் பதில் சொன்னது.

"ராத்திரி ஒருத்தி கரையேறி வந்தாள். இடம் பார்த்தாள், பிடிக்கவில்லை, திரும்பிவிட்டாள். இப்போது என் அடியில் சேற்றுக்குள் படுத்திருக்கிறாள்."

"ரொம்பப் பெரியவளா?"

"அம்மிக்கல்லில் பாதி இருப்பாள்."

தடத்துக்கு முகம் வாடிப்போயிற்று. "அவ்வளவுதானா?" என்றது.

"அவ்வளவு போதும். இத்தனை காலம் என்னோடு இருக்கிறாள். யாருக்கும் ஒரு தொந்தரவும் தந்ததில்லை" என்றது கண்மாய்.

வெயில் ஏறும் நேரத்தில் மாடு குளிப்பாட்ட சேவுகன் வந்தார். சேவுகன் ஒரு காலத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் கதிரறுப்புக்குப் போனவர். அங்கே மணல்திட்டில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் என்றாலே நம்பிக்கை கிடையாது. தடத்தைப் பார்த்ததும் மாட்டை விட்டுவிட்டுக் கரைமேல் ஓடினார்.

"ஆத்தாடி! முதலையப்பா, முதலை!"

ஊர் கூடிவிட்டது.

"உடும்பா இருக்கும்" என்றார் ஒருவர்.

"உடும்புன்னா காட்டுக்குள்ளல்ல போகணும்? இது தண்ணிக்குள்ள போயிருக்கே."

"மலைப்பாம்பு இழுத்துக்கிட்டுப் போன கோடு மாதிரி இருக்கு."

"பாம்புக்குக் காலு எங்கிட்டுருந்துய்யா வந்துச்சு?"

"நான்தான் சொல்றேன்ல" என்று சேவுகன் குனிந்தார். "நடுவுல பாருங்க, வாலு. இந்தா பாருங்க, நகம். எம்புட்டு ஆழம்!"

சொல்லிக்கொண்டே நகக் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். அவர் விடும்போது அந்தக் குழி ஒரு நெல் ஆழம் இருந்தது. எடுக்கும்போது ஒரு விரல் ஆழம் ஆகியிருந்தது. அடுத்தவர் தன் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். "ஆமப்பா, வெரலே முங்குது" என்றார். அதற்கடுத்தவர் கட்டைவிரலை விட்டார்.

தடத்துக்கு ஒரே பூரிப்பு. இவ்வளவு பேர் தன்னைக் குனிந்து பார்ப்பார்கள் என்று அது கனவிலும் நினைக்கவில்லை.

"அது அவர்கள் விரல் ஆழம். உன் ஆழம் இல்லை" என்றது கண்மாய்.

"யார் ஆழமாக இருந்தால் என்ன? நான் இப்போது முதலைத் தடம்."

அன்று முழுவதும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சிலர் சாண் போட்டு அளந்தார்கள். சிலர் பக்கத்தில் தங்கள் பாதத்தை வைத்துப் பார்த்தார்கள். வைத்த ஒவ்வொரு தடவையும் சேறு கொஞ்சம் விலகிக்கொடுத்தது. காலையில் உள்ளங்கை அகலம் இருந்த தடம் பொழுது சாயும்போது சுளகு அகலம் ஆகிவிட்டது. மறுநாள் வெயிலில் சேறு காய்ந்து கட்டம் கட்டமாக வெடித்தது. "செதிலு செதிலாத் தெரியுது பாரு" என்றார்கள்.

அதே வாரத்தில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி காணாமல் போயிற்று. முதலைக்கு ஒரு கணக்கு ஏறியது. இரண்டு நாள் கழித்துக் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து அந்தக் குட்டி நெற்று மென்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தது. குட்டி திரும்பியது; பேச்சு திரும்பவில்லை. பிள்ளைகள் குளிக்க வருவது நின்றது. பெண்கள் கரையிலேயே நின்று குடத்தைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மொண்டார்கள்.

கடைசியில் ஊர்த்தலைவர் வெள்ளைக்கண்ணு அம்பலம் கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் கூட்டம் போட்டார். நல்ல மனிதர்தான். பிள்ளைகளை நினைத்து அவருக்கு உண்மையாகவே தூக்கம் இல்லை.

"தண்ணிய வடிச்சிருவோம்" என்றார். "வடிஞ்சா எதுவா இருந்தாலும் வெளிய வந்துதான ஆகணும்."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து சிகப்பி எழுந்தாள். கடைமடையில் ஒரு துண்டு வயல் வைத்திருப்பவள். புருஷன் இல்லை; அந்த வயலை விட்டால் வேறு போக்கிடமும் இல்லை. அந்த ஊரில் தண்ணீர் முறை தலைமடையில் தொடங்கிக் கடைமடையில்தான் முடியும். அதனால் மற்றவர்கள் முந்தி நட்டார்கள். அவர்கள் வயல் பழுத்துவிட்டது. அவளுடையது பிந்தி நட்டது.

"அம்பலம், எனக்கு இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சாப் போதும். கதிரு இப்பத்தான் பால் பிடிக்குது. அதுக்கப்புறம் வடிச்சுக்கங்க."

"புள்ளைக பொழங்குற எடம் தாயீ. அதுக்குள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"முதலைய ஆரு பாத்தாக?"

"அதான் தடத்தப் பாத்தோம்ல!" என்று சேவுகன் சத்தம் போட்டார்.

சிகப்பி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். ஒவ்வொருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஊர் அவளோடு ஒத்து வாழ ஒரு பழமொழியும் கிடையாது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வயலுக்குப் பாயும் மடையைத் திறந்தால் பழுத்த பயிர் மூழ்கிவிடும். அதனால் மறுநாள் காலையில் கடப்பாரையோடு கலுங்குக்குப் போனார்கள். வெள்ளம் வந்தால் மிச்சத் தண்ணீர் ஓடைக்குப் போகக் கட்டிவைத்த கல்வழி அது; அடிவரை உடைத்தால் கண்மாய் முழுவதும் வடிந்துவிடும்.

கலுங்கு திகைத்துப்போய், "மழையே இல்லையே, என்னை எதற்கு உடைக்கிறார்கள்?" என்று கேட்டது.

"பயம் நிறைந்துவிட்டது. அதை வடிக்கிறார்கள்" என்றது கண்மாய்.

கலுங்கு பாயும் வருஷத்தில் ஊரே திரண்டு கற்பூரம் ஏற்றும், பெண்கள் குலவையிடுவார்கள். அன்றும் கலுங்கு பாய்ந்தது. யாரும் குலவையிடவில்லை. தண்ணீர் தலையைக் குனிந்துகொண்டு ஓடைக்குள் இறங்கிப் போயிற்று.

அப்போதுதான் தடத்துக்கு உறைத்தது.

"நிறுத்துங்கள்! நான் சின்னத் தடம்! நீங்கள் விரலை விட்டதால் பெரிதானவன்!" என்று கத்தியது. தடம் கத்துவது யார் காதில் விழும்? மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வேல்கம்புமாக ஆட்கள் அதன் மேலேயே மிதித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார்கள்.

"அம்மா, என்னால்தான்" என்றது தடம். பாதிக்கு மேல் அது நசுங்கிப்போயிருந்தது.

"உன்மேல் எனக்குக் கோபம் இல்லை" என்றது கண்மாய். அதற்கும் இப்போது குரல் தேய்ந்துவிட்டது. "அவர்கள் உன்னிடம் எதையும் கேட்கவில்லையே. நீ யார் என்று அவர்களே சொல்லிவிட்டுத்தானே போனார்கள்."

தண்ணீர் வற்றி அடிச்சேறு தெரிந்தது. கெண்டையும் விராலும் துள்ளின. நடுக்குழியில், சேற்றுக்குள், ஏதோ ஒன்று அசைந்தது.

"அந்தா!"

சேவுகன் கையிலிருந்த ஊத்தாவை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினார். மேல்வாய் வழியாகக் கையை விட வேண்டும். விட்டார். சுற்றி நின்றவர்கள் வேல்கம்பை ஓங்கிக்கொண்டு நின்றார்கள்.

கை வெளியே வந்தபோது அதில் ஓர் ஆமை இருந்தது. அம்மிக்கல்லில் பாதி. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அம்பலம் ஆமையைப் பார்த்தார். பிறகு காலியான கண்மாயைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் அதற்குள் கூட்டத்தில் யாரோ முந்திக்கொண்டார்கள்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாக? இது கண்மாய்க்குள்ள புகுந்துச்சு. இந்தா, கண்மாயே வத்திப்போச்சு!"

"அதான பாத்தேன்" என்றார் சேவுகன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அம்பலம் திறந்த வாயை மூடிக்கொண்டார். "கொல்ல வேணாம், பாவம். தூக்கி வெளிய எறிஞ்சிருங்க" என்று மட்டும் சொன்னார். சேவுகன் அதைக் கடைமடை வரை தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் வீசினார். மீனைப் பொறுக்கிக்கொண்டு ஊர் வீடு திரும்பியது.

பொழுது இறங்கும் நேரத்தில் சிகப்பி வயலுக்கு வந்தாள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஒரு கதிரை உருவிப் பிதுக்கினாள். பால் வந்தது. அந்தப் பால் இனி அரிசி ஆகாது, பதராகத்தான் போகும். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வாய்க்கால் ஓரத்தில் ஆமை மல்லாந்து கிடந்தது.

சிகப்பி ஒரு மண்கட்டியைக் கையில் எடுத்தாள். "உன்னாலதான்டி" என்றாள். ஆமை மெல்லத் தலையை நீட்டியது. திரும்ப முடியாமல் காலைக் காற்றில் அசைத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்த கட்டி தானாக உதிர்ந்தது.

குனிந்து ஆமையைப் புரட்டிவிட்டாள்.

ஆமை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு காற்றில் எங்கோ தண்ணீர் வாசம் தேடி, பக்கத்து ஊர்க் கண்மாய் இருக்கும் திக்கில் நடக்கத் தொடங்கியது. வாய்க்காலின் மிச்ச ஈரத்தில், அதன் பின்னால், ஒரு புதுத் தடம் பிறந்தது. இரண்டு பக்கமும் நகக் குறிகள், நடுவில் ஒரு கோடு.

"நான் யாருடைய தடம்?" என்று அது கேட்டது.

சிகப்பிக்கு அது கேட்டதோ என்னவோ. தன் வயலிலிருந்து ஒரு கை கதிரைப் பிடுங்கினாள். அதை விளக்குமாறுபோல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து, நகக் குறிகளின் மேல் கூட்டினாள்.

"பேசாம இரு ராசா. உன்னைய ஆராச்சும் பாத்தாகன்னா, அந்தக் கண்மாயும் போயிரும்."

ஆமை முன்னால் போயிற்று. அவள் பின்னாலேயே குனிந்து கூட்டிக்கொண்டு போனாள். வரப்பைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையைத் தாண்டி, பக்கத்து ஊர்க் கண்மாயில் அது இறங்கும் வரை போனாள். பால்நெல் வழியெல்லாம் உதிர்ந்தது.

இடுப்பை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தாள். வந்த வழி முழுவதும் அவளுடைய காலடிகள் மட்டும்தான் கிடந்தன. அவற்றைக் கூட்ட வேண்டியதில்லை. மனுஷத் தடத்தைப் பார்த்து யாரும் பயப்படப் போவதில்லை.