கத்துவதற்கென்று ஒரு தகடு

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்துநான்கு. சீடரின் பெயர் குருநாதன். பெயரிலேயே குருவை வைத்திருந்தும், வாரத்தில் மூன்று காலை நோட்டும் பேனாவுமாக ஒரு தகரக் கொட்டகைக்குப் பாடம் கேட்கப் போனார்.

குருவின் பெயர் ஜெசிந்தா. போடியில் தேவாரம் சாலையில் கார் பட்டறை வைத்திருந்தாள். கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை, காதோரம் ஒரு டெஸ்டர். அதிகம் பேசமாட்டாள்.

குருநாதன் ஓர் அரசு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஒரு மனிதக் காது எத்தனை குறைகளைத் தாங்கும்? மதியம் சாப்பிட்டதும் டெலிபோன் ரிசீவரை எடுத்து மேசைமேல் படுக்க வைத்துவிடுவார். அலுவலகம் அமைதியாகிவிடும். ஊரில் குறைகளே தீர்ந்துவிட்டன என்று அவரே நம்பும் அளவுக்கு அமைதி.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினார். எட்டே மாதத்தில் கிளட்ச் கருகிப் போனது. அப்படித்தான் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, எட்டு மாசத்துல கிளட்ச் போகுமா?" என்று கேட்டார் அன்று.

"அந்தச் சுவர் ஓரமா நில்லுங்க சார். குதிகாலைத் தூக்குங்க."

"தூக்கிட்டேன்."

"டீ சொல்லியிருக்கேன். வர்ற வரைக்கும் அப்படியே நில்லுங்க."

டீ வரச் சுணங்கியது. கெண்டைக்கால் நரம்பு இழுத்து, உடம்பு நடுங்கி, குருநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி ஓட்டும்போது கிளட்ச் மேலேயே கால் வச்சிருக்கீங்க. அதுக்கும் இப்படித்தான் சார் இருக்கும்."

வலித்தாலும் அந்தப் பாடம் அவருக்குப் பிடித்துப் போனது. அன்று முதல் நோட்டு போட்டார். டயரில் காற்று எப்போது பார்க்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். "காலையில கிளம்புறதுக்கு முன்னாடி. ஓடி வந்து மூச்சு வாங்குறவனுக்கா நாடி பார்ப்பாங்க?" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை அவர் வந்தபோது கையில் நோட்டு இல்லை. முகத்திலும் களை இல்லை. காரின் முன்பக்க நம்பர் பிளேட் மடங்கிக் கிடந்தது.

"பிரேக் பிடிக்க மாட்டேங்குதும்மா" என்றார்.

நடந்தது இதுதான். முந்தாநாள் மனைவியோடு சந்தைக்குப் போயிருக்கிறார். சரிவில் இறங்கும்போது முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். பிரேக்கை மிதித்தால் கார் வழுக்கிக்கொண்டே போகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தும் டிராக்டர் பெட்டியில் போய் முட்டித்தான் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவரை நடந்தே போய்விட்டாள்.

மனைவியின் பெயர் பேச்சியம்மாள். பெயருக்குக் குறை வைக்காதவள்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு வளைகாப்பும்மா. மலை மேல சூரியநெல்லியில. முடிச்சுட்டு அவளைக் கூட்டிட்டு வரணும். பேச்சி சொல்லிட்டா, 'நீங்க கார்ல வாங்க. நானும் என் மகளும் பஸ்ல வர்றோம்'னு. ரெண்டு நாளா அவ பேசினது அது ஒண்ணுதான்."

மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏழு மாத வயிற்றோடு மகள் பஸ்ஸில் குலுங்கி இறங்க, அப்பன் மட்டும் காலிக் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதை நினைத்தாலே அவமானமாக இருந்தது.

"முன்னாடி ஏதாவது சத்தம் வந்துச்சா சார்?"

"வந்துச்சு. பிரேக் போட்டா கிரீச் கிரீச்னு ஒரு மாசமா. ஆனா சந்தைக்குப் போற அன்னிக்குக் காலையில அதை நானே சரி பண்ணிட்டேன்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"என்ன பண்ணீங்க?"

"எண்ணெய் விட்டேன்."

ஜெசிந்தா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"எங்க?"

"சக்கரத்துக்கு உள்ள ஒரு வட்டத் தகடு பளபளன்னு சுத்துதுல்ல, அதுல. ரெண்டு பக்கமும். வீல் ஓட்டை வழியா இங்க் ஃபில்லர் விட்டு."

"என்ன எண்ணெய்?"

"தேங்காய் எண்ணெய்தான். கதவுக் கீல் கத்தினா அதைத்தான் விடுவோம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினாள். அந்த வட்டத் தகட்டை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் பிரேக் பேடுகளில் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போய், நகக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு சின்ன இரும்புத் தகடு வளைந்து நின்றது.

அவள் அந்த வட்டத் தகட்டை பெட்ரோல் போட்டுத் துடைத்தாள். பேடை வாங்கி, அதன் சின்னத் தகட்டை வட்டத் தகட்டின்மேல் வைத்து இழுத்தாள். கிரீச்! குருநாதனுக்குப் பல் கூசியது.

"இந்தச் சத்தமா சார்?"

"இதேதான்! அப்ப பழுது இதுலதானா?"

"பழுது இல்ல சார். உங்க பிரேக்ல ஒழுங்கா வேலை செஞ்ச சாமான் இது ஒண்ணுதான்."

"புரியலையேம்மா. இதோட வேலை என்ன?"

"கத்துறது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். கத்துறதுக்குன்னே வச்சிருக்காங்க. பேட் தேஞ்சு முடியப் போகுது, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு, இப்பவே பாருங்கன்னு கத்தும். முழுசா தேஞ்ச பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?"

குருநாதன் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் விட்டு அவர் அடைத்தது இதன் வாயைத்தான்.

ஜெசிந்தா வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சத்தத்தை முதல்ல கவனிச்சது நீங்களா?"

"இல்ல. பேச்சிதான். 'என்னங்க, என்னமோ கத்துது, பட்டறையில காட்டுங்க'ன்னா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன்."

"அப்புறம்?"

"மறுபடியும் சொன்னா. தினமும் சொன்னா. எனக்குத் தெரியும், நீ சும்மா வான்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்றதை விட்டுட்டா."

"எப்ப இருந்து?"

குருநாதன் யோசித்தார். சத்தம் எப்போது ஆரம்பித்தது என்பது நன்றாக நினைவிருந்தது. அவள் எப்போது நிறுத்தினாள் என்பது எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ஜெசிந்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் புதுப் பேட் போட்டாள். எண்ணெய் போகத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிரேக் ஆயில் பார்த்தாள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சந்தைச் சரிவில் நான்கு முறை ஏறி இறங்கிக் காட்டினாள். மிதித்த இடத்தில் நின்றது.

"ரெண்டாவது கியர்ல ஏறுனா ரெண்டாவது கியர்லயே இறங்கணும் சார். மலை முழுக்கப் பிரேக்ல கால் வச்சுட்டு இறங்காதீங்க."

"சரிம்மா. இனிமே அந்தச் சத்தம் வராதுல்ல?"

"வரணும் சார்" என்றாள் அவள். "தேயுற நேரம் வந்தும் சத்தம் வரலேன்னா பயப்படுங்க."

பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து எதையோ பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அது என்னது?"

"பாட்டுப் பெட்டியோட ஃபியூஸ். மலையிலேர்ந்து வந்ததும் வாங்கிக்குங்க."

அன்று சாயங்காலம் குருநாதன் அடுப்படி வாசலில் நின்றார். அந்த வாசலில் அவர் அப்படி நின்று வெகுநாளாகிறது.

"நீ சொன்ன அன்னிக்கே காட்டியிருக்கணும்" என்றார்.

பேச்சியம்மாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. அவர் போய்விட்டாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். போகவில்லை.

"போகும்போது நான் மட்டும் கார்ல வர்றேன்" என்றாள் கடைசியில். "மக இறங்கி வருவாளா இல்லையான்னு மேல போய்ச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். வளையல் பெட்டி முன் சீட்டில் உட்கார்ந்தது. பேச்சியம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குருநாதனின் கை பழக்கதோஷத்தில் பாட்டுக்குப் போனது. பெட்டி ஊமையாக இருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என வளைவுகள் போயின. பின்னாலிருந்து சத்தமே இல்லை. எப்போதும் அவள் 'மெதுவா' என்பாள், 'ஹாரன் அடிங்க' என்பாள், 'ஓரமா போங்க' என்பாள். அவர் 'சும்மா வா' என்பார். இப்போது அவள் சும்மாதான் வந்தாள். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வண்டியைப் பற்றி அவருக்கு இப்போது பயமில்லை. பின் சீட்டை நினைத்துத்தான் பயந்தார்.

பதினோராவது வளைவில் எஸ்டேட் ஜீப் ஒன்று ஆட்களைத் திணித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் இறங்கி வந்தது.

"என்னங்க, ஜீப்பு!"

மிதித்தார். கார் அப்படியே நின்றது. ஜீப் ஓரம் உரசாமல் கடந்து போனது.

'தெரியுது' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். காரைக் கொஞ்சம் முன்னே கொண்டுபோய், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினார்.

"சொல்லு பேச்சி" என்றார்.

"என்னத்தச் சொல்ல? ஜீப்பு போயிருச்சே."

"வேற என்னென்ன சொல்லாம விட்டியோ, அதையெல்லாம் சொல்லு."

கிண்டல் செய்கிறாரோ என்று அவள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"மாடிப்படி ஏறும்போது உங்க முட்டி கடக்குமுடக்குங்குது. ஒரு வருஷமா சொல்றேன்."

"சரி."

"மாப்பிள்ளை வீட்டுல போய் உங்க ஆபீஸ் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க. அவங்க கேக்குற மாதிரி நடிக்கிறாங்க."

"சரி. அப்புறம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆறு மாசமா எனக்கு இடது கை மரத்துப் போகுது. காபித் தம்ளரைக்கூட ரெண்டு வாட்டி கீழ போட்டுட்டேன். சொன்னேன். நீங்க டிவி பார்த்துட்டு இருந்தீங்க. சரி, எதுக்குன்னு விட்டுட்டேன்."

குருநாதன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். தம்ளர் விழுந்தது அவருக்கு நினைவிருந்தது. 'பார்த்து எடுக்கக் கூடாதா' என்று அவளைத் திட்டியதும் நினைவிருந்தது. முப்பது வருஷம் ஊரான் வீட்டுக் குறையை எழுதி வைத்தவர் அவர். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். "முதல் வேலை அதுதான்."

பேச்சியம்மாள் கதவைத் திறந்து இறங்கினாள். ஐயோ, இங்கேயிருந்தும் நடக்கப் போகிறாளோ என்று அவருக்குத் திக்கென்றது. அவள் முன்பக்கம் சுற்றி வந்து, வளையல் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி இருந்து சொன்னா உங்களுக்குக் காது கேக்காது. எடுங்க வண்டிய. ஹாரன் அடிச்சுத் திரும்புங்க."

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. கை நிறையக் கண்ணாடி வளையலோடு மகள் சிவரஞ்சனி வாசலுக்கு வந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சாம்மா?" என்று கேட்டாள்.

"பஸ் எதுக்கு?" என்றாள் பேச்சியம்மாள். "பெட்டிய அப்பா வண்டியில வை."

இரண்டாவது கியரில் ஏறியவர் இரண்டாவது கியரிலேயே இறங்கினார். பதினேழு வளைவுக்கும் பதினேழு யோசனை கிடைத்தது. ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் பட்டறை முன்னால் காரை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஜெசிந்தா இருந்தாள். அவர் இறங்கி வருவதைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து நீட்டினாள்.

குருநாதன் அதை வாங்கவில்லை. அவர் கேட்க வந்தது வேறு.

"ஏம்மா," என்றார் மெல்ல. "ஒரு மாசம் கேக்காம விட்டதுக்கே வண்டி அந்த நிலைமைக்கு வந்துருச்சு. அவ சொல்றதை நான் முப்பது வருஷமா கேக்கலையே."

ஜெசிந்தா அவரைத் தாண்டிக் காரைப் பார்த்தாள். முன் சீட்டிலிருந்து பேச்சியம்மாள் தலையை வெளியே நீட்டி, "என்னங்க, வண்டிய ரோட்டுல நிறுத்திட்டீங்க, ஓரமா விடுங்க! பின்னாடி லாரி வருது, கண்ணு தெரியலையா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து சார் இப்படி?"

"பதினோராவது வளைவுல ஆரம்பிச்சா. இன்னும் நிறுத்தலம்மா."

"அப்ப பேட் இன்னும் மிச்சமிருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா.