சிவப்பணுவும் கண்ணாடி வளையலும்

விளக்கணைத்த பின் அறைக்குள் ஏதோ உறுமியது. பூனையா? ரெக்சலின் எழுந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். ஃபிரிட்ஜில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி படுத்து இடக்கையைத் தலைக்குக் கொடுத்ததும் அதே உறுமல். டயாலிசிஸ் ஊசிக்கென்று மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். சத்தம் அங்கிருந்து வந்தது. அவளுடைய ரத்தம்தான்.

மூன்று வயது மகன் பக்கத்தில் தூங்கினான். கணவன் கப்பலில்.

விடிந்ததும் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். முறைக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் மைமூன் இருந்தாள். வயது இருபத்து மூன்று. வளையல் வியாபாரம். டயாலிசிஸில் ஒன்பது வருடம். நோயாளிகள் அவளைக் குரு என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். பிறகு அது கேலியாக இல்லை.

"குருவே, ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா. தட்சிணையா ஒரு டஜன் வளையல் வாங்கணும்."

"ரத்தத்தைக் கழுவுற மெஷினே சிவப்பணுவோட தோலை விறைக்க வைக்குமாமே?"

"ஆமா. உடம்புல தங்குற விஷமும் விறைக்க வைக்கும். மெஷினும் தன் பங்குக்குக் கொஞ்சம்."

"விறைச்சா?"

"மெல்லிசான குழாய்க்குள்ள மடங்கி நுழைய முடியாது. நாலு மாசம் இருக்க வேண்டியது முன்னாலயே உடைஞ்சு போகும். எலும்புக்குள்ள புதுசு பிறக்கும். அதுக்குத்தானே ஊசி போடுறாங்க."

"எவ்வளவு லேசாச் சொல்லுத! நடுராத்திரி நான் போயிட்டா? பிள்ளை உள்ளே மாட்டிக்கக் கூடாதுன்னு மூணு வாரமா கதவைத் தாழ்போடாமப் படுக்கேன். பயத்துல தூக்கமும் இல்ல."

மைமூன் பையிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்து, ரெக்சலினின் வலக்கையைப் பிடித்தாள்.

"சின்ன அளவுடி. ஏறாது."

"கையைத் தளர விடுங்க."

வளையல் விரல் கணுவைத் தாண்டவில்லை. கை கட்டையாக நின்றது.

"உடைஞ்சு குத்திரும்!"

"சரி, உங்க பையன் நேத்து என்ன சேட்டை பண்ணுனான்?"

"அதை ஏன் கேக்க? அவங்கப்பா வீடியோல வந்தாரு. இவன் போனுக்குச் சோறு ஊட்டுதான். ஸ்பீக்கர் ஓட்டை முழுக்கத் தயிர்ச்சோறு. அந்த மனுஷனும் அங்க வாயைத் திறக்காரு!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து பார்த்தால் வளையல் மணிக்கட்டில் கிடந்தது.

"எப்படிப் போட்டே?"

"நீங்க கையை மறந்தீங்கல்ல, அப்ப."

ரெக்சலின் வளையலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சிவப்பணு பாவம்க்கா. மெஷினுக்குள்ள போயிட்டு வந்து விறைக்குது," என்றாள் குரு. "நீங்க வீட்டுல படுத்துக்கிட்டே விறைக்கீங்க."

ரெக்சலின் தட்சிணைக்காகப் பர்ஸைத் திறந்தாள்.

அன்றிரவு மகனுக்குப் போர்த்திவிட்டு எழுந்து போய், கதவை உள்ளே தாழிட்டாள்.