முன்வாசலுக்கு வந்த ஆட்டோ

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்லுற கதை இல்லை இது.

"சாமி, ஆசுபத்திரிக்குப் போகத்தான் வேணுமா?"

கேட்டவர் கோமதிநாயகம். சீடர்தான், ஆனால் குருவைவிட வயசில் மூத்தவர். அரிசி ஆலையை மகன் கையில் கொடுத்துவிட்டுக் குன்றடி மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

குருவைக் குன்றுச்சாமி என்பார்கள். இடுப்பில் ஒரு வேட்டி, நெஞ்சு நிறையத் திருநீறு. அவ்வளவுதான் ஆள்.

சாமிக்கு ஒரு சங்கதி இருந்தது. முந்தின வருசம் வயித்துவலி என்று போன இடத்தில், ஸ்கேன் எடுத்த டாக்டர் கண்டுபிடித்தார். இதயத்திலிருந்து இறங்குகிற பெரிய ரத்தக்குழாயில் ஓரிடம் புடைத்திருக்கிறது. சின்னதாக இருக்கிறவரை அதோடேயே வாழலாம். வளர்ந்து வெடித்தால் ஆள் தப்புவது கஷ்டம். பாரம் தூக்காதீங்க, முக்காதீங்க, பிரஷர் மாத்திரையை விடாதீங்க, வருசா வருசம் வந்து காட்டுங்க என்று சொல்லி அனுப்பினார்.

சாமி யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கிணற்றடியில் குடம் தூக்குவதை நிறுத்தினார். ஏதோ புது விரதம் என்று நினைத்துச் சீடர்களும் நிறுத்தினார்கள். தொட்டி காய்ந்துபோனது.

முக்க வேண்டியிருக்கக் கூடாதென்று சாமி தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பப்பாளி தின்றார். அவர்களும் தின்றார்கள், ஆளுக்கு ஒரு முழுப் பழம். விடியுமுன்னே கொல்லைப்பக்கம் வரிசை நின்றது.

அதற்கப்புறம்தான் சாமி சீடர்களை மட்டும் உட்காரவைத்து விசயத்தைச் சொன்னார்.

இந்த வருசம் காட்டப் போனபோது புடைப்பு வளர்ந்திருந்தது. அறுவை செய்யலாம், ஆனால் இதயம் தாங்குமா என்று முதலில் சோதித்துப் பார்க்கணும் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

செவ்வாய்தான் மடத்தில் திருநீறு வாங்கக் கூட்டம் கூடுகிற நாள். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் சாமி கையால் ஒரு சிட்டிகை. வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலபேர் டாக்டர் வீட்டு வாசலை மிதிப்பதே இல்லை.

கோமதிநாயகத்துக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

"சாமிக்கே நெஞ்சுல கோளாறுன்னா, இந்தத் திருநீறை யாரு வாங்குவா?"

"வாங்கமாட்டாங்கதான்."

"அப்போ போகலையே?"

"போகணும். உள்ளே எப்படி இருக்குன்னு பார்க்கணுமே."

"பயமா சாமி?"

"பயம்தான்."

இதைக் கோமதிநாயகம் எதிர்பார்க்கவில்லை. உடம்பு பொய் என்று இதே வாய்தானே சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"சொன்னேன். சொன்ன வாயும் அந்த உடம்புலதான்வே இருக்கு."

கோமதிநாயகம் வேறு வழி பார்த்தார். மடத்துக்குப் பின்னால் வாழைத்தோப்பு. கூட்டம் வருமுன்னே ஆட்டோவை அங்கே நிறுத்திவிடலாம். தலையில் ஒரு சால்வை. ஆசுபத்திரியில் கேட்டால் என் தம்பி என்று சொல்லிவிடலாம்.

"உம்ம தம்பிக்கு என்ன பேரு?"

"சங்கரபாண்டின்னு போட்டுருவோம் சாமி."

"சோதிக்கும்போதே சங்கரபாண்டி செத்துப்போனான்னா, அவனுக்கு யாருவே அழுவா?"

அப்படியும் கோமதிநாயகம் ஆட்டோவைத் தோப்புக்கே வரச் சொல்லிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சாமி குளித்துவிட்டு வந்தார். திருநீறு பூசவில்லை. நெஞ்சில் களிம்பு தடவித்தான் பார்ப்பார்களாம், சுத்தமாக வரச் சொல்லியிருந்தார்கள். நரைத்த முடியும் விலா எலும்புமாய் அந்த நெஞ்சைக் கண்டதும் கோமதிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரில் யாரும் அதை வெறுமையாகப் பார்த்ததில்லை.

"ஆட்டோ எங்கே?"

"தோப்புல நிக்குது சாமி."

"முன்வாசலுக்கு வரச் சொல்லும்."

கூட்டம் அதற்குள் வந்துவிட்டது. சாமியைப் பார்த்ததும் எழுந்து நின்றது. எங்கே சாமி புறப்பாடு என்று யாரோ கேட்டார்கள்.

சாமி ஒளிக்கவில்லை. உள்ளே ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, இதயத்தைச் சோதிக்கப் போகிறேன், திரும்பி வந்தால் பார்க்கலாம் என்றார். மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

போச்சு, கூட்டம் கலைந்துவிடும் என்று கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் ஒருத்தரும் அசையவில்லை.

முன்னால் நின்றவள் வடிவம்மா. கீழத்தெருக்காரி, வாரம் தவறாமல் வருகிறவள். சேலை முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கும் இங்கனதான் சாமி. நாலு எட்டு நடந்தா அடைக்கி. திருநீறு மட்டும் குடுத்துட்டுப் போங்க."

கோமதிநாயகம் ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்து நீட்டினார். அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வெறும் நெஞ்சைப் பார்த்த பிறகும் கேட்கிறாளே.

சாமி ஒரு சிட்டிகை எடுத்து வடிவம்மா நெற்றியில் பூசினார். அப்புறம் ஆட்டோவில் ஏறினார். பக்கத்தில் ஏறப்போன கோமதிநாயகத்தைத் தடுத்து, டிரைவரோடு முன்னால் உட்காரச் சொன்னார்.

வண்டி கிளம்பியது.

"நிறுத்தப்பா" என்றார் சாமி.

வண்டி நின்றது. சாமி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். வடிவம்மாவைப் பார்த்து, பக்கத்துச் சீட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.