இலையோரம் கிடந்தது

ஜமீன் வீட்டுப் பந்தியில் ஒரு புலவர் புதுப்பாட்டு பாடினார். "எங்கே, திருப்பிச் சொல்லு!" என்று ஜமீன்தார் தன் மகனை ஏவினார். பையனுக்கு முதல் வரியே வரவில்லை. சமையல்காரி ஒச்சம்மாவின் சின்ன மகள், தண்ணீர் ஊற்ற வந்தவள், முழுப்பாட்டையும் கடகடவென்று சொல்லி முடித்தாள். பந்தியே பிரமித்துப்போனது.

ஜமீன்தார் ஒச்சம்மாவைப் பார்த்துக் கொதித்தார். "மூளை வளர என் மகனுக்குப் போடுகிற சாப்பாட்டைத் திருடி இவளுக்கு ஊட்டியிருக்கிறாய்! என்ன கொடுத்தாய்? இப்போதே காட்டு, இல்லையென்றால் சவுக்கடி!"

ஒச்சம்மா பையனின் இலையைக் காட்டினாள். அல்வா இருந்த இடம் வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. முருங்கைக்கீரையும் மீனும் கறிவேப்பிலையும் ஓரத்தில் கிடந்தன.

"சின்னய்யா வேண்டாம்னு ஒதுக்குறதுதான் எசமான், அவ தினமும் திங்கிறது."

ஜமீன்தார் தன் இலையைப் பார்த்தார். அங்கேயும் அதே குவியல்.

மெல்ல ஒரு கறிவேப்பிலையை எடுத்து வாயில் போட்டார். அப்புறம் பந்தி முழுக்க மெல்லுகிற சத்தம்தான்.